கையொப்பத்திற்கு அப்பால்

வருங்கால மருத்துவருக்கு அறநெறியைக் கற்பிக்க இயலுமா என்பது பழைய வினா. இயலும் என்ற நம்பிக்கையுடன் இந்திய மருத்துவக் கழகம் 2018இல் ‘ஏட்காம்’ எனும் பாடநூலை வெளியிட்டது. மனப்பாங்கு, அறநெறி, தொடர்புத்திறன் ஆகிய மூன்றையும் இணைக்கும் இப்பாடம், 2019இல் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த மாணவர் முதல் நடைமுறைக்கு வந்தது. நோயுற்றோரின் படுக்கையருகே மருத்துவரும் ஆயரும் சந்திப்பதால், திருச்சபையும் இதனை ஆராய்வது தகும்.

நூலின் நிறைகள் பல. 27 பகுதிகளுள் முதலாவது, மருத்துவராயிருத்தல் என்றால் என்ன என்று வினவுகிறது. அடுத்தது, நோயாளியாயிருத்தல் என்றால் என்ன என்று வினவுகிறது. உடற்கூற்றுக் கூடத்துச் சடலத்தை முதல் ஆசிரியராக மதிக்கவும் கற்பிக்கிறது. நோயாளியின் தன்னுரிமையோடு பகிர்ந்த பொறுப்பையும் சேர்த்தே பேசுகிறது.

ஆயினும் வகுப்பறையில் தன்னுரிமை என்பது, விளக்கம் கேட்டுக் கையொப்பமிடும் தனிமனிதனின் உரிமையாகச் சுருங்கிவிடும் இடர் உண்டு. ஆரணியில் குழித்தறியில் பட்டு நெய்யும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அறுவை மருத்துவம் வேண்டும் என்கிறார் மருத்துவர். நெசவாளர் வாங்கிய முன்பணம் தீரவில்லை, பாவு தறியில் நிற்கிறது, நெய்தால்தான் கூலி. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறது திருக்குறள். இவ்வீட்டில் அந்த நான்காமவர், தார் சுற்றும் மனைவியே. அவரும் மருத்துவமனைக்குச் சென்றால் தறி முற்றிலும் நின்றுவிடும். இந்நிலையில் அவர் ‘வேண்டாம்’ என்று கூறினால், அது தன்னுரிமையா, வறுமையின் தீர்ப்பா?

இவ்வினா நமக்குப் புதியதன்று. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் இறந்த நிகழ்ச்சியே ஐடா ஸ்கட்டரை மருத்துவப் பணிக்கு அழைத்தது. ஆண் மருத்துவர் வேண்டாமென முடிவெடுத்தவர்கள் அப்பெண்கள் அல்லர்; அவர்தம் கணவன்மார். ஐடா அம்மையார் அம்மறுப்பை ஏட்டில் பதிந்து அமையவில்லை. 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். தெரிந்தெடுக்க வழியற்றோருக்கு வழியமைத்தலே அங்கு அறநெறியாயிற்று.

‘ஏட்காம்’ இவ்வாழத்தை எட்ட வேண்டுமாயின், அதன் சில வேளைகளேனும் நெசவாளர் தெருவில் நடைபெற வேண்டும். இறையியல் மாணவரும் மருத்துவ மாணவருடன் அங்கு அமர்ந்து கேட்பது நன்று. நாமோ போதிக்க விரைதலாகாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாது உடனிருந்தனர்; விளக்கம் கூறத் தொடங்கியபோதே தவறினர். கேட்டறிந்த பின், அந்நெசவாளர் இழக்கும் கூலிக்கு நம் சபை என்ன செய்யும் என்ற வினாவுக்கு விடைகூறும் பொறுப்பு நம்முடையது.