மரத்தடிச் செடிகளும் நம் புனைகதையும்

தமிழர் நிலத்தைப் பகுத்துப் பெயரிட்டபோது ஓங்கி வளர்ந்த மரங்களை மட்டும் நாடினாரல்லர். ஐந்திணைகளுள் மருதமும் பாலையும் மரப்பெயர்கள். குறிஞ்சி புதர்ச்செடி, முல்லை கொடி, நெய்தல் நீர்ப்பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களுள் காந்தளும் பிடவமும் தளவமும் புதரும் கொடியுமே. தாழ்ந்து நிற்பதற்கும் தனிப்பெயர் உண்டு என்பது அம்மரபு நமக்குத் தரும் பாடம்.

இவ்வளவுகோல் கொண்டு மலேசியத் தோட்டப் புனைகதையை நோக்கின் ஒரு குறை புலனாகிறது. ரப்பர் மரத்துக்குக் கிடைத்த இடம் அதன் அடியில் வளர்ந்தவற்றுக்குக் கிடைக்கவில்லை. அகிலனின் நாவல் 'பால்மரக் காட்டினிலே' என மரத்தையே தலைப்பில் தாங்கியது. கெடா எழுத்தாளர் சீ. முத்துசாமியோ, தம் நாவலுக்கு 'மண்புழுக்கள்' எனப் பெயரிட்டு நம் கண்ணைத் தரைக்குத் திருப்பினார். அத்திருப்பம் தொடரப்பட வேண்டியதாகும்.

கெடாவின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த பண்டார் பாரு வட்டாரத்தையே எண்ணுக. லாலாங் புல், செண்டுடோக் புதர், தொட்டாற்சுருங்கி, பெரணி ஆகியன தோட்டங்களில் மண்டுபவை. கதைகளில் இவையனைத்தும் 'புல்', 'காடு' என்னும் இரு சொற்களுள் அடங்கிவிடுகின்றன. தொடக்கக் காலத் தோட்ட நிருவாகமும் அவ்வாறே கருதித் தரையை வழித்துத் துடைத்தது. சரிவுகளில் மழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. பின்னரே மண்ணைக் காக்கவும் தழைச்சத்தைச் சேர்க்கவும் பயற்றினக் கொடிகளைப் படரவிட்டனர்.

கதை தாவரநூல் அன்றே எனச் சிலர் வினவலாம். உண்மைதான். ஆயினும் செடியின் பெயர் ஈண்டு அணியன்று, உழைப்பாளியின் அறிவு. எது முள், எது கீரை, எது மருந்து என்பதை வெளிக்காட்டு வேலை செய்த பெண்கள் அறிவர். மருந்துத் தோம்பைச் சுமந்து களைக்கொல்லி தெளித்தவர்களுள் அவர்களும் இருந்தனர். அவ்வாறு தெளிக்கப்பட்ட பாராகுவாட் மலேசியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2020ஆம் ஆண்டில்தான். செடியைப் பெயரின்றி விட்ட எழுத்து, அதனைப் பிடுங்கியவரின் பட்டறிவையும் பெயரின்றி விட்டது.

தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன. அப்பெயர்களை அறிந்த தலைமுறையும் மூப்படைந்துவிட்டது. தமிழாசிரியர்கள் முல்லைத்திணையைக் கற்பிக்கும் நாளில், வீட்டு முதியோரிடம் மரத்தடிச் செடிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிவருமாறு மாணவரைப் பணிப்பாராக. நாளைய புனைகதைக்கு வேண்டிய சொல்வளம் அவ்வேட்டில் சேரும்.