மாஸ்க்கை எடுத்தாச்சு, இனி யார் பார்ப்பது?

நெஞ்சுவலி என்று ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தால் முதல் வேலையாக ஆக்சிஜன் மாஸ்க் போடுவார்கள். மார்ஃபின், ஆக்சிஜன், நைட்ரேட், ஆஸ்பிரின்: இந்த நாலின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து 'மோனா' என்று நர்சிங் வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் பண்ணியிருக்கிறார்கள். இதயத்துக்கு ரத்தம் போகலை, ஆக்சிஜன் கொடுத்தா நல்லதுதானே? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இந்த நியாயத்தை ரொம்ப காலம் யாரும் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கவில்லை. 2015இல் ஆஸ்திரேலியாவில் வெளியான 'அவாய்ட்' ஆய்வில், ஆக்சிஜன் குறையாத 441 மாரடைப்பு நோயாளிகளில் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொடுக்கப்பட்டவர்களுக்கு, ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இதயத் தழும்பு பெரிதாகத் தெரிந்தது. அளவுக்கு மீறின ஆக்சிஜன் இதயத் தமனிகளைச் சுருக்கக்கூடும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் இறப்பைப் பற்றிப் பேச அது சின்ன ஆய்வு.

அந்தக் குறையைத் தீர்த்தது 2017இல் ஸ்வீடனிலிருந்து வந்த 'டீட்டோ டூ எக்ஸ்'. 35 மருத்துவமனைகள், 6629 பேர். சேரும்போது எல்லோருக்கும் சாச்சுரேஷன் 90 சதவீதமோ அதற்கு மேலோ. பாதிப் பேருக்கு 6 முதல் 12 மணி நேரம் ஆக்சிஜன், மீதிப் பேருக்கு வெறும் காற்று. ஒரு வருடத்தில் இறந்தவர்கள் ஒரு பக்கம் 5.0 சதவீதம், இன்னொரு பக்கம் 5.1. வித்தியாசமே இல்லை. நாட்டிலுள்ள இதய நோயாளிகளின் பதிவேட்டிலேயே ஆய்வைக் கோர்த்து நடத்தியது அருமையான யோசனை. அதே ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதலும் 90க்கு மேல் இருந்தால் வழக்கமாக ஆக்சிஜன் வேண்டாம் என்றது.

இதுவரை எனக்கும் சம்மதம். என் மனத்தாங்கல் இதை வாசிக்கும் விதத்தில்தான். 'மாரடைப்புக்கு ஆக்சிஜன் தேவையில்லை' என்று ஒரு வரியாகச் சுருக்கிவிடுகிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது: காற்று மட்டும் சுவாசித்த குழுவில் 254 பேருக்கு, அதாவது 7.7 சதவீதம் பேருக்கு, பிறகு ஆக்சிஜன் குறைந்தது. ஆக்சிஜன் குழுவில் இது 62 பேர்தான். கிட்டத்தட்ட 13 பேரில் ஒருவர்! இந்த 254 பேரையும் யாரோ ஒருவர் கவனித்து, ஆக்சிஜன் வைத்திருக்கிறார். இறப்பு சமமாக வந்ததில் அந்தக் கவனிப்புக்கும் பங்கு இருக்கணும். அது எப்படி நடந்தது, எத்தனை தடவைக்கு ஒருமுறை பார்த்தார்கள், ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள் என்பதெல்லாம் முடிவுரைகளில் பேசுபொருளே இல்லை. ராத்திரி ஷிஃப்டில் ஒரே சிஸ்டர் முழு வார்டையும் பார்க்கிற இடத்தில் இதே முடிவு வருமா?

இரண்டாவது, எல்லாம் விரல்நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்பி நிற்கிறது. கை ஜில்லென்று இருந்தாலோ, நெயில் பாலிஷ் இருந்தாலோ அது தடுமாறும். 2020இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தப் பரிசோதனையில் உண்மை அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். இதை நம்ம ஊருக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் தோல் நிறம் கணக்கை மாற்றும் என்றால், ஸ்வீடனில் வைத்த 90 என்ற கோடு எல்லா இடத்திலும் ஒரே கோடாக இருக்காதே.

ஆக, ஆய்வின் முடிவு சரி. மாஸ்க் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக முடிந்தது முன்பு. மாஸ்க் இல்லையென்றால் திரும்பத் திரும்ப வந்து பார்க்கணும். கூடவே, "ஏன் சிஸ்டர், ஆக்சிஜன் வைக்கலையா?" என்று பதறும் உறவினர்களுக்குப் பதிலும் சொல்லணும். நெறிமுறை எழுதுகிறவர்கள் 'ஆக்சிஜன் வேண்டாம்' என்ற வரிக்கு அடுத்த வரியில், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, யார் பார்ப்பது என்பதையும் எழுதினால்தான் வேலை முடிந்த மாதிரி.