கோலும் பிரம்பும்

விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) முடிந்த கையோடு எங்கள் சபையில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடக்கும். முன்பெல்லாம் படிப்பு, நட்பு, வரன் என்று பேசுவார்கள். இப்போது பேச்சு முழுக்கக் கைப்பேசிதான். இந்த ஆண்டு செய்தி கொடுத்தவர், பிள்ளைகள் போனுக்கு அடிமையானதற்கு வீட்டில் பிரம்பு இல்லாமல் போனதே காரணம் என்றார். பிரம்பைச் சொல்கிற நீதிமொழிகள் 13:24ஐ எல்லோரையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னார். மூன்று வயதுக்குள் பிள்ளையின் பிடிவாதத்தை முறித்துவிட வேண்டும், அழுதால் இரங்கக் கூடாது என்றார். கூட்டம் ‘ஆமென்’ சொன்னது. எனக்கு முன்வரிசையில் ஒரு இளம் தாய் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஓய்வுநாள் பாடசாலையில் படித்தவள். அவள் எழுதுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

திரையைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம், அதற்குமேல் ஐந்து வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிஞ்சக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் சொல்லியிருக்கிறது. எட்டு மணிக்குப் போனையெல்லாம் அலமாரியில் வைத்துவிட்டுக் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரிக்கிற வீடுகள் உண்டு. லெந்து நாட்களில் போன் உபவாசம் இருக்கிறவர்களும் உண்டு. நல்ல பழக்கங்கள். என் வழக்கு பிரம்போடுதான்.

பிரம்பு என்று நாம் வாசிக்கிற இடத்தில் எபிரெயத்தில் இருக்கிற சொல் ‘ஷேபெத்’. 23ஆம் சங்கீதத்தில் மேய்ப்பன் கையில் இருப்பதும் இதே சொல்தான். அங்கே நம் வேதாகமம் அதைக் ‘கோல்’ என்கிறது. நீதிமொழிகளில் ‘பிரம்பு’ என்கிறது. தேற்றுகிற கோல் ஒன்று, அடிக்கிற பிரம்பு வேறொன்று என்றே தமிழில் வாசித்து வளர்ந்தோம். அதற்காக நீதிமொழிகளில் அடியே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. 23:13இல் அடி இருக்கிறது. ஆனால் அதே புத்தகம் 10:13இலும் 26:3இலும் புத்தியில்லாத பெரியவர்களின் முதுகுக்கும் பிரம்பைச் சொல்கிறது. சபைக் கமிட்டியில் அதை யாரும் நடைமுறைப்படுத்துவதில்லை. உபாகமம் 21, அடங்காத மகனை ஊரார் கல்லெறிந்து கொல்லச் சொல்கிறது. அது அந்தக் காலம் என்று தாண்டிப் போகிறோம். ஆக, எதை எடுப்பது, எதை விடுவது என்று நாமேதான் முடிவு செய்கிறோம். திருப்பி அடிக்க முடியாத ஒருவர் பேரில் சொல்லப்பட்ட வசனத்தை மட்டும் ஏன் கைவிட மாட்டோம் என்கிறோம்? ‘அடியாத மாடு படியாது’ என்று நாம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தோம். வசனம் அதற்குத் துணைக்கு வந்தது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள், அவர்கள் மனம் தளர்ந்துபோவார்கள் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியதை அந்த மேடையில் யாரும் தொடவில்லை.

இன்னொன்றும் உண்டு. நீதிமொழிகள் சாலொமோன் பேரில் இருக்கிறது. அவன் மகன் ரெகொபெயாம் ராஜாவானதும் ஜனங்கள் வந்து நுகத்தை லகுவாக்கும்படி கேட்டார்கள். என் தகப்பன் சவுக்கினால் தண்டித்தார், நான் தேள்களினால் தண்டிப்பேன் என்றான் அவன். ராஜ்யம் இரண்டாக உடைந்தது. பிள்ளை வளர்ப்புக் கூட்டம் எதிலும் 1 இராஜாக்கள் 12ஐ யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லியைக் காட்டாத கூட்டமும் இல்லை. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர். பிள்ளையின் சித்தத்தை அடக்குவதே முதல் வேலை என்றும், ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயந்து மெதுவாக அழப் பழக்கியதாகவும் 1732இல் மகன் ஜானுக்குக் கடிதம் எழுதினார். அதே தாய் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாயங்காலம் ஒதுக்கித் தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. பிரம்பைச் சொல்கிறவர்கள் இந்த வியாழக்கிழமையைச் சொல்வதில்லை. ஒரு வயதுக் குழந்தை சத்தமில்லாமல் அழுகிறது என்றால், அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று அது தெரிந்துகொண்டுவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

போன மாதம் உறவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றரை வயதுப் பையன். தோசையை வாயில் வாங்க மாட்டேன் என்கிறான் என்று அம்மாவே போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது தானாக வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. தோசை தீர்ந்ததும் போனைப் பிடுங்கினாள். பையன் தரையில் விழுந்து குதிகாலால் உதைத்தான். வசனக் காலண்டர் தொங்குகிற ஆணியிலேயே பிரம்பும் தொங்கியது. அவன் அப்பா எழுந்து அதை எடுத்ததும் பையன் அழுகையை நிறுத்திவிட்டு, யாரும் சொல்லாமலே உள்ளங்கையை நீட்டினான். இரண்டு அடி. பிறகு அப்பா அவனை மடியில் உட்காரவைத்து ஜெபம்பண்ணினார். “இயேசப்பாட்ட சாரி சொல்லு.” “சாரி இயேசப்பா” என்றான்.

அவன் என்ன பாவம் செய்தான்? போனைக் கொடுத்தது பெரியவர்கள். ஒன்று முடிய ஒன்று தானாக ஓடும்படி செய்து வைத்ததும் பெரியவர்கள். பார்த்துக்கொண்டிருந்ததைத் திடீரென்று பிடுங்கினால் அந்த வயதில் எந்தக் குழந்தையும் அழும். அதற்குக் கீழ்ப்படியாமை என்று பேர் வைத்து, அடி கொடுத்து, ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்க வைக்கிறோம். சிறு பிள்ளைகளைத் தடுத்த சீஷர்கள்மேல் விசனப்பட்டவர் அவர். அவர் பேரைக் கேட்டதும் ஒரு பிள்ளைக்கு எரிகிற உள்ளங்கை நினைவுக்கு வர நாமே வழி செய்கிறோம்.

எங்களை அடித்துத்தான் வளர்த்தார்கள், கெட்டா போனோம் என்று கேட்பார்கள். நானும் அடிபட்டு வளர்ந்தவள்தான். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இன்றும் முழங்கால் போட்டதும் முதலில் வருவது பயம். இன்றைக்கு என்ன தப்புச் செய்தேன் என்று மனம் தேடத் தொடங்கிவிடும். ஸ்தோத்திரம் அதற்குப் பிறகுதான் வரும். இந்தப் பயம் எந்த ஆணியிலிருந்து இறங்கியது என்று எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் பிரம்பை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுத்தது. நம் மிஷன் பள்ளிகளிலும் பிரம்பு இறங்கிவிட்டது. அந்தச் சட்டம் எட்டாத வீட்டுக்குள் அதைப் பிரசங்க மேடையிலிருந்து திரும்ப அனுப்பக் கூடாது.

அன்று கூட்டம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது, நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் போனேன். அடுத்த வீடியோ தானாக வருவதை நிறுத்தி வைக்கச் சொன்னேன். ‘இந்தப் பாட்டு முடிஞ்சதும் வைக்கப் போறோம்’ என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னேன். சாப்பிடும்போது போனே வேண்டாம் என்றேன்.

“டீச்சர், அப்பவும் அழுதா என்ன செய்ய?”

“அழட்டும்மா. நீ பக்கத்துல உக்காந்திரு.”

“எவ்வளவு நேரம் டீச்சர்?”

“பத்து நிமிஷம். சில நாள் அரை மணி நேரம்கூட ஆகும்.”

நோட்டைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டாள்.