ஷீட்டுக்கு ஒரு பார்ட்ஸ் லிஸ்ட்: இன்வென்டரில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டபோது

ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக்கைப் புரட்டுகிறவர் பெரும்பாலும் என்ஜினியர் இல்லை. கிணற்றடியில் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக், அல்லது ஸ்பேர்ஸ் கடையில் போன் எடுக்கும் பையன். "ரெண்டாவது ஷீட்ல பதினாலாம் நம்பர், நாலு பீஸ் அனுப்புங்க" என்றால் சரியான சாமான் சரியான எண்ணிக்கையில் வந்து இறங்க வேண்டும். கேட் மென்பொருள் விளம்பரங்களில் பாகங்கள் அந்தரத்தில் அழகாகப் பறந்து விலகுவதைக் காட்டுவார்கள். பறந்த பிறகு ஓரத்தில் இருக்கும் பட்டியல் உண்மை சொல்கிறதா என்று யாரும் காட்டுவதில்லை. ஆட்டோடெஸ்க் இன்வென்டரில் நான் சோதித்தது அந்தப் பட்டியலைத்தான்.

எடுத்துக்கொண்டது கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் சர்வசாதாரணமான ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் பம்ப். முதல் ஷீட்டில் தண்ணீர் பக்கம்: கேசிங், இம்பெல்லர், மெக்கானிக்கல் சீல், ஓ-ரிங். இரண்டாவதில் மோட்டார் பக்கம்: ஸ்டேட்டர், ரோட்டார் ஷாஃப்ட், இரண்டு 6204 பேரிங், ஃபேன், ஃபேன் கவர். எம்8 போல்ட்டு மொத்தம் பத்து. கேசிங்கில் ஆறு, மோட்டாரில் நான்கு. வம்பே இந்தப் போல்ட்டில்தான் வரும் என்று தெரிந்துதான் இப்படிப் பிரித்தேன்.

பிரித்துப் போடும் வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. இன்வென்டரில் அதற்கென்று ஐபிஎன் என்ற தனிக் கோப்பு. பாகத்தைத் தொட்டு, அம்புக்குறியைப் பிடித்து இழுத்தால் விலகும். விலகிய தடத்தைக் கோடாகவும் காட்டும். 2017 பதிப்பில் இந்தப் பகுதியையே மாற்றி எழுதினார்கள். அதற்குப் பிறகு ஒரே ஐபிஎன்னுக்குள் பல காட்சிகளை வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஷீட்டுக்கு ஒரு காட்சி என்று பிரித்தேன். பம்ப் என்பது ஒரே அச்சில் கோத்த சாமான். எல்லாவற்றையும் ஒரே திசையில் இழுத்தால் படம் தோரணம் போல நீண்டு, ஏ3 தாளுக்குள் அடங்க ஸ்கேலைக் குறைத்து, கடைசியில் ஓ-ரிங் புள்ளியாகிவிடும். இரண்டு ஷீட்டாகப் பிரிப்பதற்குக் காரணமே இதுதான். இழுக்கும் வரிசையை மெக்கானிக் கழற்றும் வரிசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் அதைக் கேட்காது, கேட்டலாக்கைப் பார்க்கிறவர் கேட்பார்.

படத்துக்கு முன்னால் அசெம்பிளிக் கோப்பில் ஒரு வேலை இருக்கிறது. அதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் பிறகு பட்டியலோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் அது எந்த வகை என்று சொல்லிவிட வேண்டும். மெக்கானிக்கல் சீலின் மாடலுக்குள் ஸ்பிரிங், கார்பன் வளையம், செராமிக் வளையம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். நமக்கு அது கடையில் வாங்கும் ஒரே சாமான். 'பர்ச்சேஸ்டு' என்று குறித்தால் 'பார்ட்ஸ் ஒன்லி' பட்டியலில் ஒரே வரியாக வரும். ஷாஃப்ட்டில் பிரஸ் பண்ணி ஏற்றிய ரோட்டாருக்கு 'இன்செப்பரபிள்'. பிறகு பட்டியலை நமக்கு வேண்டிய வரிசையில் அடுக்கி, நம்பர் போட்டு, அந்த நம்பரைப் பூட்டிவிடலாம். இன்வென்டரில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது: நம்பர் பிறக்குமிடம் டிராயிங் அல்ல, அசெம்பிளி. எந்த ஷீட்டில் பலூன் (பாகத்தைச் சுட்டும் நம்பர் வட்டம்) போட்டாலும் எம்8 போல்ட்டு பதினாலுதான்.

இனி ஷீட்டுக்கு ஒரு பட்டியல். அப்படியே வைத்தால் இரண்டு ஷீட்டிலும் முழுப் பம்பின் பட்டியல்தான் வந்து நிற்கும். அதைச் சல்லடை போட இரண்டு வழிகளைப் பார்த்தேன்.

ஒன்று, பலூன் ஒட்டிய பாகங்களை மட்டும் காட்டு என்பது. சுலபமாக இருக்கிறது, ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வாஷருக்குப் பலூன் விட்டுப்போனால் அது பட்டியலிலிருந்தும் சத்தமில்லாமல் போய்விடும். படத்தில் நடந்த பிசகைப் பட்டியலை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். இங்கே இரண்டும் சேர்ந்தே பிசகுகின்றன.

இன்னொன்று, வியூ ரெப்ரசென்டேஷன் வழி. அசெம்பிளியில் 'தண்ணீர் பக்கம்', 'மோட்டார் பக்கம்' என்று இரண்டு தோற்றங்களைச் சேமித்து, ஒவ்வொன்றிலும் வேண்டாததை மறைத்துவிடுவது. பட்டியலை அசெம்பிளிக் கோப்பிலிருந்தே எடுத்து, அந்தந்தத் தோற்றத்தை ஃபில்டராகக் கொடுத்தால், தெரிகிற பாகங்கள் மட்டும் பட்டியலில் நிற்கும். அந்த ஃபில்டரோடு ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது: 'லிமிட் க்யூட்டி டு விசிபிள் காம்போனென்ட்ஸ் ஒன்லி'. அதை டிக் செய்யாவிட்டால் இரண்டு ஷீட்டிலுமே போல்ட்டு பத்து என்று வரும். டிக் செய்தால் முதலில் ஆறு, இரண்டாவதில் நான்கு. கடைக்காரர் நான்கு அனுப்புவதும் பத்து அனுப்புவதும் இந்த ஒரு டிக்கில் இருக்கிறது. இவ்வளவு முக்கியமானதை இத்தனை உள்ளே ஒளித்து வைத்திருக்க வேண்டாம்.

இம்பெல்லர் எதில் மாட்டுகிறது என்று தெரிய முதல் ஷீட்டிலும் ஷாஃப்ட்டைக் காட்டினால், இரண்டு பட்டியலிலும் ஷாஃப்ட் ஒன்று ஒன்றாக ஏறும். முதல் ஷீட்டில் அந்த வரியைக் கையால் மறைக்கத்தான் வேண்டும். தோற்றங்களைப் பூட்டுவதிலும் யோசனை தேவை. பூட்டி வைத்தால், நாளைக்கு டிசைனில் சேரும் புது ஓ-ரிங் எந்த ஷீட்டிலும் தலைகாட்டாது. பூட்டாவிட்டால் தேவையில்லாத ஷீட்டிலும் வந்து உட்காரும். என் விருப்பம் பூட்டாமல் விடுவது. அதிகமாக வந்தது கண்ணில் படும், வராதது படாது.

இப்படிச் செய்தால் இரண்டாவது ஷீட்டில் நம்பர்கள் விட்டுவிட்டு வரும். எட்டு, ஒன்பது, பதினாலு என்று. சில கம்பெனிகளில் ஒவ்வொரு ஷீட்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பார்கள். டிராயிங்கில் நம்பரை மாற்றி எழுத இன்வென்டர் விடுகிறது. ஆனால் ஒரே போல்ட்டுக்கு இரண்டு நம்பர் ஆகிவிடும். ஷீட்டுக்கு ஷீட் தனி நம்பர்தான் வேண்டுமென்றால் சாலிட்வொர்க்ஸ் அதற்கு வாகு. அங்கே ஒவ்வொரு பட்டியலும் தனக்கென்று நம்பர் போட்டுக்கொள்கிறது. பிரித்துப் போட்ட காட்சியும் தனிக் கோப்பில்லாமல் அசெம்பிளிக்குள்ளேயே கான்ஃபிகரேஷனோடு இருக்கிறது. ஆனால் அங்கே வேண்டாத பாகங்களை மறைத்தால் மட்டும் போதாது, சப்ரெஸ் செய்ய வேண்டும். மறைந்திருப்பவை பட்டியலில் எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கும்.

காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு ஃப்ரீகேட். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அசெம்பிளி, எக்ஸ்ப்ளோடட் வியூ, பாகப் பட்டியல் மூன்றும் மென்பொருளோடு சேர்ந்தே வந்துவிட்டன. ஆனால் அதன் டிராயிங்கில் பலூனுக்குள் நம்பரை நாமே தட்ட வேண்டும். பட்டியலோடு அதற்குத் தொடர்பு கிடையாது. இருபது பாகம் உள்ள ஒரு சாமானுக்கு இது போதும். டிசைன் மாறிக்கொண்டே இருக்கும் பம்புக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பலூன்களைக் கையால் சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்வென்டர் விண்டோஸில் மட்டும் ஓடும். ஒரேயடியாக வாங்கும் லைசென்ஸை ஆட்டோடெஸ்க் 2016-லேயே நிறுத்திவிட்டதால் சந்தாதான். வருஷத்துக்கு ஒரு மாடல் விடுகிற சின்னப் பட்டறைக்கு அந்தச் சந்தா கட்டுப்படியாகாது. அவர்கள் டிராஃப்ட்ஸ்மேனிடம் வெளியே கொடுத்து வாங்கலாம். கொடுக்கும்போது பிடிஎஃப் மட்டும் வாங்காமல், எல்லா ஷீட்டிலும் ஒரே நம்பர், எண்ணிக்கை அந்தந்த ஷீட்டுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்து, போல்ட்டு வரியை முதலில் கூட்டிப் பாருங்கள். ஒரே குடும்பத்தில் பத்துப் பதினைந்து மாடல் வைத்திருக்கும் கம்பெனி என்றால், ஷீட்டுக்கு ஷீட் பட்டியலுக்காகவே நான் இன்வென்டரைச் சொல்வேன்.