நிலவு ஆகாத தொழில்

கவிஞர்களுக்கு நிலவு பிடிக்கும். செவுள்வலை போடுகிறவர்களுக்குப் பிடிக்காது. சாளைக்குப் போகிறவர்கள் அமாவாசையை ஒட்டிய இருட்டைத்தான் விரும்புவார்கள். இந்த வலை மீனைத் துரத்துவதில்லை, தண்ணீரில் சுவர்போல் தொங்கி நிற்கும். மீன் பார்க்காமல் வந்து முட்டினால்தான் கண்ணியில் செவுள் சிக்கும். நிலா வெளிச்சத்தில் வலை தெரிந்துவிடும், மீன் விலகிப் போய்விடும்.

முழு இருட்டிலும் ஒரு வம்பு உண்டு. சில நாட்களில் கடலில் ஒளிரும் நுண்ணுயிர்கள் பெருகும். அவை பட்டால் வலைக்கயிறே மின்னி மீனுக்கு எச்சரிக்கை கொடுத்துவிடும். ஆனால் மீன்கூட்டம் நகரும்போதும் அதே மினுமினுப்பு எழும். பழகிய கண் அதை வைத்தே கூட்டத்தைக் கண்டுபிடிக்கும். இந்தக் கண்ணுக்கு நான் ரசிகன்.

பொழுது சாய்ந்தால் மிதவை உயிர்கள் மேலேறும், பின்னால் சிறுமீன், அதன் பின்னால் பெருமீன். தூண்டில்காரர்கள் அந்தியையும் விடியலையும் விடாததற்கு இதுதான் காரணம்.

பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. வாடைக்காற்று அடித்தால் அடிச்சேறு கிளம்பிவிடும். அந்தக் கலங்கலில் இறாலுக்குப் பகலிலும் வலை விடலாம். இன்று ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் காட்டும் கடல்வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன்வள இடங்களை அறிவிக்கிறது. நல்ல உதவிதான், ஆனாலும் வலையை எப்போது இறக்குவது என்பது படகில் இருப்பவர் முடிவு.

பௌர்ணமி வாரத்தில் சாளை விலை ஏறியிருந்தால் மீன்காரம்மாவிடம் பேரம் பேசாதீர்கள்.