கரையைத் தடவினால் தெரியும்

சவாரி மாட்டின் கழுத்துப் பட்டியைக் கையில் கொடுத்தால் எல்லாரும் மணியையும் பித்தளைக் குமிழையும் சாயத்தின் மினுக்கத்தையுமே பார்ப்பார்கள். நான் பட்டியைச் சரித்துப் பிடித்து, கரையில் பெருவிரலை ஓடவிடுவேன். செய்தவரின் பொறுமை முழுக்க அந்த நாலைந்து மில்லிமீற்றர் தடிப்பில்தான் இருக்கிறது.

கிளிநொச்சிப் பக்கம் தோல்வேலை பழகத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி, தன் வீட்டுச் சோடி மாடுகளுக்குச் செய்த பட்டிகளை அண்மையில் பார்த்தேன். தையல் சற்று அலைகிறது. முன்பக்கம் நேரே ஓடும் வரி பின்பக்கம் அங்கங்கே விலகியிருக்கிறது. குத்தூசி கையில் நிமிர்ந்து நிற்கப் பழகும்வரை எவருக்கும் அப்படித்தான் வரும். ஆனால் தைத்த முறை சரியானது. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் இரு பக்கமிருந்தும் இழுக்கும் சேணத் தையல் அது. மெசின் தையலில் ஓரிடம் அறுந்தால் வரிசையே கழன்றுவரப் பார்க்கும். இதில் ஒரு பக்க நூல் தேய்ந்து போனாலும் மறுபக்க நூல் பிடித்து நிற்கும்.

கரைதான் என்னை அசர வைத்தது. வெட்டிய தோலின் ஓரம் அறுபட்ட நார்தானே. அப்படியே விட்டால் வியர்வையையும் புழுதியையும் இழுத்து ஊதிப்போய், காய்ந்ததும் வெடிக்கும். கூரான மூலை மாட்டின் அலைதாடியை அராவிப் புண்ணாக்கும். தம்பி முதலில் அரத்தாளால் தேய்த்து, ஒட்டிய இரண்டு தோலுக்கும் நடுவில் கோடு தெரியாமல் ஆக்கியிருக்கிறார். பிறகு மூலைகளைச் சீவி உருட்டி, லேசாக ஈரம் காட்டி, விளாத்திப் பிசின் தடவி உரசியிருக்கிறார். உரசியது உடைந்த கருங்காலி உலக்கையின் துண்டால்; அதில் பட்டியின் தடிப்புக்கு ஏற்ப ஒரு தவாளிப்பு. அழுத்தமான மரம், வேகமான கை, அதில் ஏறும் சூடு. நார் படிந்து, கரை கறுத்து இறுகிவிடுகிறது. கடைசிப் பூச்சுத் தேன்மெழுகு. வன்னிக் காட்டில் தேன் எடுப்பவர்கள் அடையைப் பிழிந்தபின் மிஞ்சுவது அதற்குப் போதும்.

எல்லாத் தோலும் இதற்கு இணங்காது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்த குரோமியப் பதனீடு ஒரு நாளிலேயே தோலை மெதுமையாக்கிவிடும். அந்தத் தோலின் கரையை எவ்வளவு உரசினாலும் ரப்பர் மாதிரித் திரும்ப நிமிரும். மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல்தான் படியும். திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டு, 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் கப்பலேறியது அந்த வகை. 2008இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆங்கிலேயப் படைக்காக 1860களில் சேணத் தொழிற்சாலை நடந்த கான்பூரிலிருந்து இன்றும் குதிரைச் சேணங்கள் வெளிநாடு போகின்றன. நல்ல கடிவாள வாரை அங்கேயும் கரையை வைத்துத்தான் மதிக்கவேண்டும். ஆவாரை எங்கள் வன்னியிலும் தெருவோரமெல்லாம் மஞ்சளாகப் பூக்கிறது. நாங்கள் பூவைப் பறித்துக் குடிநீர் போடுவதோடு சரி.

தம்பியின் பட்டிகளில் ஒன்றில் சாண் நீளத்துக்குக் கரை பஞ்சு பறிந்து கிடக்கிறது. வயிற்றுப் பக்கத் தோல். நார் நெருக்கம் இல்லை, யார் உரசினாலும் அவ்வளவுதான். அடுத்ததை முதுகுப் பக்கம் வெட்டச் சொன்னேன். ஆனால் பக்கிள் துளைகளைப் பார்த்தபோது எனக்கு உண்மையான சந்தோசம். வார் வெடிக்கத் தொடங்குவது பெரும்பாலும் துளையிலிருந்துதான். ஒவ்வொரு துளைக்குள்ளும் மெழுகிட்ட நூலை இழுத்து இழுத்துத் தேய்த்து, உள்வாயையும் உருட்டியிருக்கிறார். பல வருடம் தொழில் செய்தவர்களின் வார்களிலும் நான் அதை அதிகம் கண்டதில்லை.