நாடாவில் முடியும் பாட்டு

'டார்க் ஸ்டார்' பாட்டை கிரேட்ஃபுல் டெட் குழு 1968இல் சிறு இசைத்தட்டாக வெளியிட்டபோது அது மூன்று நிமிடம்கூட ஓடவில்லை. விற்பனையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மறு ஆண்டு வந்த 'லைவ்/டெட்' தொகுப்பில் அதே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுதாக எடுத்துக்கொண்டு 23 நிமிடம் ஓடியது. சான்ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் 1969 பிப்ரவரி 27 அன்று வாசித்தது அது. பாடும் பகுதி சின்னதாகவே இருந்தது. வளர்ந்ததெல்லாம் வரிகளுக்கு நடுவே இருந்த வெளி. ராக்கைப் பாட்டாகக் கேட்டுப் பழகியவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும் காரியம். கிட்டார் எங்கோ தொடங்கி எங்கோ அலைகிறது, பத்து நிமிடமாகியும் கரை தெரியவில்லை, இதைப் போய் ஏன் கேட்க வேண்டும் என்று அவர் எழுந்துபோனால் அவர்மேல் குற்றமில்லை. அதே பாட்டின் நூறு வடிவங்களைத் தேடிச் சேர்த்து, 1970 பிப்ரவரியில் நியூயார்க்கில் வாசித்ததற்கும் 1972 ஆகஸ்டில் ஓரிகன் மாநிலத்து வெனீட்டாவில் வாசித்ததற்கும் உள்ள வேறுபாட்டை மணிக்கணக்கில் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இருவரும் கேட்பது வெவ்வேறு பொருள் என்பது என் கட்சி. முதலாமவர் கேட்பது ஒரு பாட்டு. இரண்டாமவர் கேட்பது ஒரு வரிசை. மேடையில் முன்திட்டமில்லாமல் நீண்டநேரம் வாசித்துப் போகும் ஜாம் பேண்ட் என்ற வகையின் கலை அந்த வரிசையில்தான் உருவாகிறது. அதன் பலமும் கோளாறும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

இசையை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தக் குழுவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் போதை, நீண்ட முடி, சாயம் தோய்த்த பனியன் என்று திசைமாறிவிடுகிறது. ஜெர்ரி கார்சியா புளூகிராஸ் பாஞ்சோவிலிருந்து வந்தவர். அவருடைய கிட்டாரில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக உதிர்வதற்கு அந்தப் பழக்கம் ஒரு காரணம். பேஸ் வாசித்த ஃபில் லெஷ் ட்ரம்பெட் படித்தவர், மில்ஸ் கல்லூரியில் இத்தாலிய நவீன இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் பாடம் கேட்டவர். ராக் குழுவில் பேஸ் வாசிப்பவரின் வேலை அடித்தளம் போடுவது. லெஷ் அதைச் செய்யவில்லை; கார்சியாவோடு எதிர்ப்பேச்சுப் பேசும் இன்னொரு குரலாக வாசித்தார். பாப் வியரின் கிட்டாரும் வழக்கமான தாளக்கட்டாக இல்லாமல் இடையிடையே புகுந்து எழும். 1967 செப்டம்பரில் மிக்கி ஹார்ட் சேர்ந்தபின் டிரம்ஸும் இரண்டாயிற்று. தனி ஆள் வாசிக்க மற்றவர்கள் பின்னணி கொடுக்கும் முறை இங்கே கரைந்துபோகிறது. ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பேசி, யாரும் தலைமை தாங்காமல், ஓரிடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஜாஸில் இதையெல்லாம் இன்னும் நன்றாகச் செய்திருக்கிறார்களே என்று கேட்கலாம். விரல் வித்தையில், ஒத்திசை அறிவில், அது உண்மை. 1970 ஏப்ரலில் ஃபில்மோர் வெஸ்டில் இவர்களுக்கு முன்னால் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் வாசித்தார். அதற்குப் பின் மேடையேறுவது எப்படிப்பட்ட சங்கடம் என்பது குழுவுக்கே தெரிந்திருந்தது. ஆனால் ஜாஸ் குழுவில் தவறு நடந்தால் ஒரு கலைஞனின் திறமை சில நொடி சறுக்குகிறது. இங்கே தவறு நடந்தால் வண்டியே குடைசாய்கிறது. அப்படிச் சாயக்கூடிய வண்டி சாயாமல் ஒரு வளைவைக் கடக்கும்போது கிடைப்பது வேறொரு மகிழ்ச்சி. வித்தையின் அளவுகோலால் அதை அளக்க முடியாது.

அந்த மகிழ்ச்சி தனி ஓர் இரவைக் கேட்பவருக்கு எட்டாது என்பதுதான் சிக்கல். ஒரு திருப்பம் திருப்பமாகக் காதில் விழ, நேர்வழி எது என்று தெரிந்திருக்க வேண்டும். 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' முடிந்து 'ஃபயர் ஆன் த மவுண்டன்' தொடங்கும் இடத்தில் குழு சற்றே தாமதித்தால், பத்து முறை அந்த இடத்தைக் கேட்டவருக்கு மட்டுமே அது தாமதம். மற்றவருக்கு அது இன்னும் கொஞ்சம் நீளம், அவ்வளவே. கிரேட்ஃபுல் டெட் 1965 முதல் 1995 வரை 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. இவற்றை ஒப்பிடும் வாய்ப்பைத் தந்தது இசைத்தட்டு நிறுவனம் இல்லை, மைக்கைக் கம்பில் கட்டி உயர்த்திப் பிடித்த ரசிகர்கள். மற்றக் குழுக்கள் வாசலில் சோதனைபோட்டு ஒலிப்பதிவுக் கருவிகளைப் பிடுங்கிய காலத்தில் இவர்கள் முதலில் கண்டும்காணாமல் இருந்தார்கள். 1984 அக்டோபரில் பெர்க்லியில், ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் பதிவு செய்பவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கினார்கள். வாசித்து முடித்தபின் அது கேட்பவர்களுடையது என்ற பொருளில் கார்சியா பேசிவந்தார். நாடாவை விற்கக்கூடாது, வெற்று கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் பிரதி எடுத்துத் தர வேண்டும் என்பது ரசிகர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட சட்டம். வணிகக் கணக்கில் பார்த்தால் இது தற்கொலை. நடந்தது நேர்மாறு: நாடா கேட்டவர்கள் டிக்கெட் வாங்கினார்கள், டிக்கெட் வாங்கியவர்கள் நாடா கேட்டார்கள். ஆனால் வணிகத்தைவிட முக்கியமானது, இசை முடிவடைகிற இடமே மாறிப்போனது. மேடையில் தொடங்கிய பாட்டு, ஆறு மாதம் கழித்து எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் இரண்டு நாடாக்களை மாற்றி மாற்றிக் கேட்கும்போது முடிந்தது.

போதையில் இருந்தவர்களுக்கு எதுவுமே இனிக்கும், அதற்கு ஏன் இவ்வளவு தத்துவம் என்ற ஆட்சேபத்துக்கும் விடை இங்கே இருக்கிறது. எழுத்தாளர் கென் கீசி நடத்திய 'ஆசிட் டெஸ்ட்' என்ற போதைக் கூட்டங்களில் வளர்ந்த குழு இது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கேசட் கேட்டவர்களில் பலர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள், காரோட்டிக்கொண்டே கேட்டவர்கள், கச்சேரி நடந்தபோது பிறந்தேயிராதவர்கள். கூட்டத்தின் கதகதப்போ புகையோ நாடாவில் பதிவாவதில்லை. எஞ்சி நிற்பது ஒலி மட்டும். அந்த ஒலி பல நேரம் மோசமாகவே இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரசிகர்கள் ஒலிப்பதிவாளர்களானபோது கூடவே இன்னொரு பதவியும் அவர்கள் தலையில் விழுந்தது: பதிப்பாசிரியர் பதவி. வேறு எந்த ராக் இசையிலும் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கும் ஆள் உண்டு. ஆல்மன் பிரதர்ஸ் குழு 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட்டில் வாசித்ததிலிருந்து சிறந்தவற்றைத் தேர்ந்து தொகுத்தவர் தயாரிப்பாளர் டாம் டவுட். அந்தத் தொகுப்பில் 'விப்பிங் போஸ்ட்' 23 நிமிடம் ஓடுகிறது. அதை ரசிக்க வேறொரு இரவின் நாடா தேவைப்படவில்லை. டெட் விஷயத்தில் அப்படியொருவர் உள்ளே வந்த அரிய தருணம் 1977இன் தொடக்கம். 'டெரபின் ஸ்டேஷன்' இசைத்தட்டுக்குத் தயாரிப்பாளராக வந்த கீத் ஓல்சன் ஒத்திகையில் கறாரானவர். இழுத்துப் பிடித்துச் சேர்ந்து வாசிக்க வைத்தார். அந்த வசந்தகாலப் பயணத்தில்தான் மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் குழுவின் மிகப் புகழ்பெற்ற கச்சேரி நடந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011ஆம் ஆண்டுத் தேர்வாக அது இடம்பிடித்தது. கட்டற்ற சுதந்திரத்தின் உச்சம் என்று கொண்டாடப்படும் இரவு, வெளியாள் ஒருவர் கட்டுப்பாடு கற்றுக்கொடுத்த சில மாதங்களில் வந்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கார்னெலின் புகழுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது சற்றுச் சங்கடமானது. அதைப் பதிவு செய்த பெட்டி கான்டர்-ஜாக்சன் அபாரமான காதுள்ள ஒலிப் பொறியாளர். அவருடைய நாடாக்கள் 1980களில், கிடங்கு வாடகை கட்டப்படாததால் ஏலத்தில் போய், பிறகு ரசிகர்களிடையே பரவின. தெளிவான பதிவு எல்லோர் கையிலும் சேர்ந்த கச்சேரிதான் மிகச் சிறந்த கச்சேரி என்ற பெயரையும் வாங்கியது. அதே மாதத்தின் வேறு இரவுகளை மேலானவை என்று வாதிடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. மீண்டும் நிகழாதது என்பதற்காக ரசிக்கப்பட்ட இசைக்குத் தரவரிசை வந்துவிட்டது. வருகிற ஒவ்வொரு இரவும் இனிமேல் கார்னெலோடு மோதித் தோற்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கோளாறு, பதிப்பாசிரியர்களான ரசிகர்கள் தீர்ப்புச் சொல்ல மறுப்பது. டெட் குழுவினர் 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவில் தாங்கள் சொதப்பியதைத் தயங்காமல் ஒப்புக்கொண்டவர்கள். மேடையில் இருப்பவர்களுக்கு இருந்த அந்த நேர்மை, கீழே இருந்த எல்லோருக்கும் இருந்ததாகச் சொல்ல முடியாது. தோற்கும் உரிமை இந்த இசையின் உயிர்நாடி என்பது சரி. அந்த உரிமைக்குப் பொருள் வர வேண்டுமானால் தோல்வியைத் தோல்வி என்று சொல்லும் காது வேண்டும். எதற்கும் கைதட்டுகிற கூட்டத்தின் முன் துணிவு என்று எதுவும் இல்லை. கையில் நாடாவும் ஒப்பிட ஆயிரம் இரவுகளும் இருந்தும், பலர் காதுக்குப் பதில் கணக்கேட்டைத் திறந்தார்கள்: இந்தப் பாட்டு எத்தனை கச்சேரிக்குப் பிறகு வந்தது, எதை அடுத்து எது வந்தது, யார் எத்தனை முறை நேரில் கேட்டார்கள். 'டார்க் ஸ்டார்' 1980களில் விரல்விட்டு எண்ணும் அளவே வந்தது. 1989 அக்டோபரில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில், பழைய பெயரைச் சுட்டும் புனைபெயரில் மேடையேறிய குழு, அதன் முதல் சுரங்களைத் தொட்டதும் எழுந்த ஆரவாரம் நாடாவில் கேட்கிறது. உண்மையான மகிழ்ச்சிதான் அது. ஆனால் பாட்டு இன்னும் எங்கும் போகவில்லை. வந்ததற்கே அந்தக் கைதட்டல்.

மேடையும் அதற்கு ஏற்ப இறுகியது. 1978 முதல் ஏறக்குறைய எல்லா இரவுகளிலும் இரண்டாம் பாதியின் நடுவில் டிரம்ஸுக்கு ஒரு நேரம், அதன்பின் 'ஸ்பேஸ்' எனப்பட்ட தாளமற்ற அலைவுக்கு ஒரு நேரம், பிறகு ஒரு மெல்லிய பாட்டு, கடைசியில் ஒரு துள்ளல். எப்போது வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம் என்ற வாக்குறுதிக்குக் கால அட்டவணை போட்டாயிற்று. பழச்சாறு வாங்கவோ கால்நீட்டவோ எப்போது எழுந்துபோகலாம் என்று ரசிகருக்குத் தெரிந்திருந்தது. வியப்புக்கு நேரம் குறித்தால் அது சடங்கு. சடங்கிலும் ஆறுதல் உண்டு என்பார்கள். உண்டு, ஆனால் இவர்கள் விற்றது அதை இல்லை.

1987இல் 'டச் ஆஃப் கிரே' பில்போர்டு பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை ஏறியபோது வரிசையையே அறியாத பெருங்கூட்டம் வந்து சேர்ந்தது. அவர்களைக் குறைசொல்லிப் பழைய ரசிகர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அதில் பாதி, முன்னால் வந்து உட்கார்ந்தவர்களின் கர்வம். மீதிப் பாதியில் உண்மை இருக்கிறது: நாடா வழியாக வராமல் திருவிழா வழியாக வந்தவர்களுக்கு இசை ஒரு சாக்கு மட்டுமே. 1995 ஜூலை 2 அன்று இண்டியானாவின் டீர் க்ரீக்கில் டிக்கெட் இல்லாத ஆயிரக்கணக்கானோர் வேலியைத் தகர்த்து உள்ளே புகுந்தார்கள். மறுநாள் கச்சேரி ரத்தாயிற்று. அடுத்த மாதம் 9ஆம் தேதி கார்சியா இறந்தார். 1986லேயே நீரிழிவால் நினைவிழந்து, மீண்டபின் கிட்டாரைத் திரும்பப் பழகியவர் அவர். கடைசி ஆண்டுகளின் பதிவுகளில் அவர் வரிகளை மறப்பதும் விரல் தடுமாறுவதும் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். பெரிய அரங்குகள் நிரம்பிக்கொண்டேயிருந்தன. அத்தனை பேரின் அன்பும் ஒரு களைத்த மனிதனை ஓய்வெடுக்கச் சொல்லவில்லை.

கட்டுப்பாடு இருந்தால் இந்த இசை நிமிரும் என்பதற்குச் சான்றும் உண்டு, அதுவும் குழுவுக்குள்ளேயே. அல்லா ரக்காவிடம் தாளம் கற்ற ஹார்ட் கொண்டுவந்த கணக்குகளில் ஊறித்தான் 11 எண்ணிக்கைச் சுழற்சியில் ஓடும் 'தி இலெவன்' பாட்டைக் குழு திரும்பத் திரும்பப் பயின்றது. பின்னாளில் அவர் ஜாகிர் உசேனோடு சேர்ந்து செய்த 'பிளானட் டிரம்' (1991) தொகுப்பில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கான முதல் கிராமி அதற்குக் கிடைத்தது. விநாயக்ராம் வந்த கர்நாடக இசையில், தனி ஆவர்த்தனத்தில் எவ்வளவு தூரம் போனாலும் கோர்வை முடிந்து எடுப்பில் வந்து விழ வேண்டும். விழாவிட்டால் முன்வரிசை மாமா ஒருவர் உதட்டைப் பிதுக்குவார். மனோதர்மத்துக்கு அந்தப் பிதுக்கல் தேவைப்படுகிறது. 1983இல் வெர்மான்ட்டில் உருவான ஃபிஷ் குழு இதைப் புரிந்துகொண்டது. நால்வரும் ஒருவர் வாசிப்பதை மற்றவர் உள்வாங்கி, இசைந்துவிட்டதாக உணர்ந்ததும் குரல் கொடுக்கும் பயிற்சியை ஒத்திகை அறையில் சலிக்காமல் செய்தார்கள். 2017இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள் ஒரு பாட்டைக்கூடத் திரும்ப வாசிக்காமல் முடித்ததற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. அவர்களுடைய ரசிகர்களும் டெட் ரசிகர்களைவிடக் கடுமையாக வாய்விட்டுக் குறைசொல்லுகிறவர்கள். இரண்டும் தொடர்புடையவை என்றே நினைக்கிறேன்.

டெட் ரசிகர்களிலும் அந்தக் காது செத்துவிடவில்லை. நாடா சேகரிப்பவராக இருந்து குழுவின் பதிவுக் கிடங்குக்கே காப்பாளரான டிக் லட்வாலா 1993இல் தொடங்கிய 'டிக்ஸ் பிக்ஸ்' வரிசை, ஒரு ரசிகரின் தீர்ப்பையே முத்திரையாக அச்சிட்டது. 2005 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகத்திலிருந்து கச்சேரிப் பதிவுகளை இறக்கிக்கொள்வதற்குத் தடை வந்தபோது ரசிகர்கள் போராடி, பார்வையாளர் எடுத்த பதிவுகளை மீட்டார்கள். சொத்தில் தங்களுக்கும் பங்குண்டு என்ற நினைப்பு அது. பங்கு உண்மையிலேயே இருந்தது. சிகாகோவில் 1997இல் உருவான டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ரா, அந்தப் பங்கை வினோதமான ஓர் இடத்துக்குக் கொண்டுபோகிறது. டெட் வாசித்த ஏதோவோர் இரவின் பாட்டு வரிசையை எடுத்துக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதே ஒழுங்கில் வாசிக்கிறார்கள். எந்தத் தேதி என்று கூட்டம் ஊகித்துக்கொண்டே கேட்கிறது. கடைசியில்தான் மேடையிலிருந்து தேதியைச் சொல்கிறார்கள். பாட்டுகளின் வரிசை ஆணியடித்து வைத்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன செய்வது என்பதற்கு மட்டும் எந்த நாடாவையும் பார்ப்பதில்லை, அன்றைக்கு வருவதை வாசிக்கிறார்கள். அந்த இரவுகளையும் யாரோ பதிவு செய்கிறார்கள்.